பாப்பாவுக்கு ஒரு இலை

திருச்சியிலிருந்து ஆவூருக்கு இரண்டு பக்கமாகவும் வரலாம். புதுக்கோட்டை சாலையில் மாத்தூர் வந்து உள்ளே திரும்பலாம். இல்லையென்றால் மதுரை நான்குவழிச் சாலையில் விராலிமலை வரை போய்த் திரும்பலாம். எப்படி வந்தாலும் வழிநெடுக ஒரு சொல் கூடவே வரும்: ஃபேமிலி. ஃபேமிலி ரெஸ்டாரன்ட், ஃபேமிலி தாபா, ஃபேமிலி ஏ.சி. ஹால். சில கடைகளில் கடைப் பெயரைவிட அந்தச் சொல்தான் பெரிதாக இருக்கும். பக்கத்திலேயே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு சிரிக்கிற படம்.

மகள் பிறக்கும்வரை இந்தச் சொல் என் கண்ணில் பட்டதே இல்லை. அதைத் தாண்டி 'புரோட்டா' என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் போய்விடும். பாப்பாவுக்கு இப்போது இரண்டரை வயது. மனைவி திருச்சியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை டூட்டி அடிக்கடி விழும். அந்த ஞாயிறுகளில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நானும் பாப்பாவும் எங்காவது சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவோம். ஒன்றரை வருஷமாக இப்படி ஓடுகிறது. இத்தனை ஞாயிறுகளில் இந்த 'ஃபேமிலி' என்பது என்ன என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

ஒரு மதியம் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றுக்குப் போனோம். பேர் வேண்டாம். கீழே பொது ஹாலில் நல்ல கூட்டம், மாடியில் ஃபேமிலி ஹால். பாப்பா என் தோளில் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். படிக்கட்டில் நின்ற தம்பி கையை நீட்டி மறித்தான்.

"சார், மேல ஃபேமிலிக்கு மட்டும்."

"நாங்க ஃபேமிலிதான் தம்பி."

அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "லேடீஸ் வர்றாங்களா சார்?"

"இந்தா, இவ லேடீஸ்தானே?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வழி விடவில்லை. "ஓனர் திட்டுவாரு சார். கீழயே உக்காருங்க, நானே வந்து ஆர்டர் எடுத்துக்கிறேன்."

சொன்ன மாதிரியே வந்தான். கேட்காமலேயே பாப்பாவுக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் சொன்னவன் அவன்தான். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் வந்தால் ஃபேமிலி. நேற்று கல்யாணமான ஜோடி ஃபேமிலி. தாத்தா, அப்பா, அண்ணன், தம்பி என்று ஒரே ரத்தத்தில் நாலு ஆண்கள் வந்தால் ஃபேமிலி இல்லை. தோளில் பிள்ளையோடு வரும் தகப்பன், ஓனர் மனசைப் பொறுத்தது. ஆக, போர்டில் இருக்கும் ஃபேமிலி என்பது பெண்ணுக்கு இன்னொரு பெயர். குழந்தை அந்தப் பெண்ணின் கைப்பை மாதிரி கூட வருகிற சாமான்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. கல்யாணமான புதிதில் அப்பா அவளைப் புதுக்கோட்டையில் சினிமா பார்க்கக் கூட்டிப்போய், அப்படியே ஒரு ஹோட்டலுக்கும் கூட்டிப்போன கதையைச் சொன்னாள். பலகைத் தடுப்பு, அதற்கு ஒரு பச்சைத் திரை. சப்ளையர் கை மட்டும் உள்ளே வரும். "மசால் தோச நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஹோட்டல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நான் திரையத்தான பாத்தேன்" என்றாள்.

திரை போய் இப்போது கண்ணாடிக் கதவு வந்திருக்கிறது. நான் அம்மா கதையை மனைவியிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னபோது அவள் வேறு மாதிரி சொன்னாள். "உங்களுக்கு என்ன, பேசிருவீங்க. நைட் டூட்டி முடிச்சுட்டுத் தனியா ஒரு தோச சாப்பிடணும்னா நான் ஃபேமிலி ஹாலத்தான் தேடுவேன். நாலு பேரு முறைக்காம சாப்பிடணும்ல?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. முறைக்கிறவர்கள் பொது ஹாலில் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். முறைக்கப்படுகிறவர்கள் படியேறிப் போய், பல இடங்களில் ஏ.சி.க்கென்று கூடுதல் காசும் கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஃபேமிலி என்று பெயர்.

*

யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது நம் ஊரில் பழைய வழக்கு. தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கம் அதை எதிர்த்து, 1941-இல்தான் அது ஒழிந்தது. ஹோட்டல் பெயர்ப் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் அதற்குப் பிறகும் இருந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்தது, அந்த ஒரு சொல்லை அழிப்பதற்காக. நூற்றுக்கணக்கில் கைதானார்கள். போர்டில் ஒரு சொல்தானே என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எனக்கு அந்த மறியல்தான் நினைவுக்கு வரும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் 15-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாக வைத்து யாரையும் அங்கே வராதே என்று சொல்லக்கூடாது. அவ்வளவு பெரிய ஆவணத்தில் சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு வரி வைத்தார்களே என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. நம் ஊரைத் தெரிந்தவர்கள் வைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

அந்தப் பட்டியலில் வயது இல்லை. அதனால் சின்னப் பிள்ளை எந்தக் கணக்கிலும் வராமல், எல்லாருடைய தயவிலும் சாப்பிடுகிறது.

*

ஒரு சின்னப் பிள்ளைக்கு ஹோட்டலில் என்னதான் வேண்டும்? போர்டு போடுகிறவர்கள் சறுக்குமரமும் பலூனும், கோன் மாதிரி சுருட்டி நிறுத்திய நெய் தோசையும் என்று நினைக்கிறார்கள். கோன் தோசை வந்ததும் பாப்பா கைதட்டுவாள். உச்சியில் ஒரு கடி கடிப்பாள். மிச்சம் என் வயிற்றுக்கு.

அவளுக்கு வேண்டியது முதலில் நேரம். உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்குள் ஏதாவது முன்னால் வந்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் மேசைக்கு அடியில் இறங்கிவிடுவாள். இந்த விஷயத்தில் இட்லியை அடிக்க ஆள் கிடையாது. அடுத்தது நாற்காலி. பிள்ளைகளுக்கான உயர நாற்காலி இருக்கிறதா என்று கேட்டால், ஸ்டோர் ரூமிலிருந்து தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவருவார்கள். பெல்ட் அறுந்திருக்கும். பெல்ட் இல்லாத உயர நாற்காலியைவிட என் மடி மேல்.

மூன்றாவது, காரம் இல்லாமல் ஒரு கரண்டி பருப்பு. மெஸ்ஸில் கேட்டால் உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுப்பார்கள், வந்துவிடும். கம்ப்யூட்டர் பில் போடும் இடத்தில் கேட்டால் அந்தப் பையன் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பான். 'பருப்பு ஒரு கரண்டி' என்று அதில் ஐட்டம் கிடையாது. பில் வரும்வரை பிள்ளை கையில் யாராவது அன்பாக வறுகடலையோ பட்டாணியோ திணித்துவிடுவார்கள். அஞ்சு வயசு வரைக்கும் முழுக் கடலை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. அவர்கள் மனம் நோகாமல் அதைத் திரும்ப வாங்குவது தனி வித்தை.

கை கழுவும் தொட்டி என் இடுப்பு உயரத்தில் இருக்கும். ஒரு கையில் அவளைத் தூக்கி, இன்னொரு கையில் குழாயைத் திறந்து, மூன்றாவது கையால் கழுவ வேண்டும். டயப்பர் மாற்ற ஒரு பலகை இருந்தால் அது பெண்கள் கழிப்பறைக்குள் இருக்கும். அப்பன் மாற்றுவான் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் சீட்டில் துண்டை விரித்து மாற்றியிருக்கிறேன். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "அம்மா இல்லையா தம்பி?" என்று கேட்பார்கள். அந்தக் குரலில் இருக்கும் பரிதாபத்தைக் கேட்டால், யாருக்கோ காரியம் முடிந்துதான் வந்திருக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் டம்ளர் கவிழ்கிற அந்த ஒரு நொடி. அது கவிழாத ஞாயிறு கிடையாது. அப்போது பக்கத்தில் இருக்கிறவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை வைத்து நான் கடையை எடை போட்டுவிடுவேன். "விடுங்க சார், நான் தொடச்சுக்கிறேன்" என்று வந்தால் அது குழந்தைகள் வரக்கூடிய கடை. மேசை துடைக்கும் அக்காவுக்கு ஏற்கெனவே இடுப்பு ஒடிகிற வேலை. சிந்திய பருக்கைகளை என்னால் முடிந்தவரை பொறுக்கி இலையில் போட்டுவிட்டுத்தான் எழுவேன். அதற்கு அந்த அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். அது நன்றியா கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை.

சுற்றிலும் இருக்கும் மேசைகளில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் செல்போனைப் பார்த்தபடி வாயைத் திறக்கும். அந்தப் பெற்றோர்களைக் குறை சொல்ல மாட்டேன். டம்ளர் கவிழ்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம்தான் போனை எடுக்க வைக்கிறது. சிந்தாத, சத்தம் போடாத பிள்ளைக்குத்தான் நம் ஹோட்டல்களில் மரியாதை. இத்தனைக்கும் புறநானூற்றின் 188-ஆம் பாட்டு சிந்துகிற பிள்ளையைப் பற்றியது. பாடியவன் அரசன், பாண்டியன் அறிவுடை நம்பி. பலரோடு சேர்ந்து உண்ணும் பெரும் செல்வர்களாகவே இருந்தாலும், குட்டி நடை போட்டு வந்து சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாவிட்டால் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்கிறான். பந்தி நடுவே புகுந்து கலைக்கும் பிள்ளை அது. அதற்கு அவன் தனி ஹால் கேட்கவில்லை.

போன மாதம் திருச்சியில் ஒரு சின்ன மெஸ்ஸுக்குப் போனோம். வெளியே 'சாப்பாடு தயார்' என்று கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து, வேறொன்றும் இல்லை. பரிமாறுகிற அக்கா எனக்கு இலை போட்டுவிட்டு, என்னிடம் கேட்காமல், குனிந்து அவளிடம் கேட்டாள்: "பாப்பாவுக்கும் இலை போடவா?"

பாப்பா என்னைப் பார்த்துவிட்டு, "போடு" என்றாள்.

நுனி இலையில் ஒரு சாண் கிள்ளிப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒரு கைப்பிடிச் சோறு, பருப்பு, நெய், உடைத்த அப்பளம் என்று எனக்கு வைத்த வரிசையிலேயே வைத்தாள். பாப்பா நாற்காலியில் முட்டி போட்டு நின்றுகொண்டு, பக்கத்தில் சாப்பிட்ட லாரி டிரைவரைப் பார்த்துப் பார்த்து அவர் மாதிரியே பிசைந்தாள். அவர் தன் டம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். ஒன்றரை வருஷத்தில் அவள் போன் இல்லாமல், ஊட்டாமல், முழுசாக ஒரு வேளை சாப்பிட்டது அன்றைக்குத்தான். காசு கொடுக்கும்போது அந்தச் சின்ன இலைக்குக் கணக்குக் கேட்டேன். "அதுக்கு எதுக்குங்க காசு" என்றார் கல்லாவில் இருந்தவர்.

*

ஆவூருக்குள் எங்களுக்கு வாய்த்த ஹோட்டல் டீக்கடைதான். ஞாயிறு காலையில் பெரியநாயகி மாதா கோவில் பூசை முடிந்ததும் கடை நிறைந்துவிடும். பாப்பாவுக்கு அங்கே பெஞ்சில் இடம் உண்டு. பெருசுகள் நகர்ந்து கொடுப்பார்கள். பன்னைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டு எல்லார் பேச்சையும் வாயைப் பிளந்து கேட்பாள். சாயங்காலம் புரோட்டா கடை. கொத்துப் புரோட்டா சத்தம் எழும்பியதும் உட்கார்ந்தபடியே ஆடுவாள். கல் சூடு எட்டாத தூரத்தில் உட்கார வைப்பது மட்டும் என் வேலை. மாஸ்டர் ஒரு துணுக்கு மாவை உருட்டிக் கொடுத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

இந்த பெஞ்சில் நான் என் அம்மாவைப் பார்த்ததில்லை. மனைவியையும் பார்த்ததில்லை. அவள் வந்தால் ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றுகொள்வாள், நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஈஸ்டர் தேர் சமயத்தில் மட்டும் இந்த விதி தளர்ந்துவிடும். தெருவெல்லாம் கடை, வெளியூர்க் கூட்டம். பெண்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பார்கள். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது. தேர் நிலைக்கு வந்து கூட்டம் கலைந்ததும் பெஞ்சு மறுபடி ஆம்பளைகளுக்குப் போய்விடும்.

எங்கள் மாவட்டத்தில் டீக்கடையைப் பற்றி எழுதுகிறவன் இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போய், காரணம் தேடியபோது, தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். வழக்கு பதிவானது. என் மகள் பன் தின்கிற பெஞ்சு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற பெஞ்சு இல்லை. யார் எங்கே உட்காரலாம் என்பதை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே இப்படி ஒரு கடையில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அதனால்தான் எனக்கு ஒரு கணக்கு உறுத்துகிறது. இரண்டரை வயதில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். அஞ்சு வயதிலும் கொடுப்பார்கள். எட்டிலா, பத்திலா, என்றைக்கு ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொம்பளப் புள்ளப்பா, வீட்டுக்கு வாங்கிட்டுப் போயிரு" என்று அக்கறையாகச் சொல்வார்? அன்றைக்கு அவளுக்கு இந்த பெஞ்சு போய், நெடுஞ்சாலை ஓரத்து மாடிப்படி திறக்கும். படிக்கட்டுத் தம்பி மறிக்காமல் வழி விடுவான். அவள் ஃபேமிலி ஆகியிருப்பாள்.

இதை மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீங்க மட்டும் கூட்டிட்டுப் போய்ப் பழக்குனா எப்படி?" என்றாள்.

அடுத்த வாரம் அவளுக்கு டூட்டி இல்லை. டீக்கடை முன்னால் வழக்கம்போல ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். நான் டீயைக் கொண்டுபோகவில்லை. பாப்பா பன்னைக் கடித்தபடி, பெஞ்சைத் தட்டி, "அம்மா, இங்க" என்றாள். ஓரத்தில் இருந்த பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். "உக்காருத்தா."

உட்கார்ந்தாள். பெஞ்சின் நுனியில், உட்கார்ந்தும் உட்காராமலும், ஒரு டீ குடிக்கிற நேரம்.