வடதுருவ வட்டத்தில் அலைச்சறுக்கு

பலகையேறி அலைமேற் சறுக்கும் விளையாட்டென்றால் வெயிலும் தென்னஞ்சோலையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், நோர்வே நாட்டின் லொபோட்டன் தீவுகளில், வடதுருவ வட்டத்திற்கும் அப்பால், ஊன்ஸ்டாட் என்னுஞ் சிற்றூரிலும் அலையேறுவோர் உளர். 1963 ஆம் ஆண்டில் நோர்வே இளைஞர் இருவர் தம் கையாற் செய்த பலகைகளுடன் இக்கடலில் இறங்கினர்.

ஒஸ்லோவில் வாழும் என் பழைய மாணவரொருவர், தம் மகன் அங்குச் செல்ல விழைவதாக எழுதியிருந்தார். அப்பிள்ளை முதலில் நோக்கவேண்டியது பஞ்சாங்கத்தையே! அத்திலாந்திக்கிற் புயல் வலுக்கும் மாரியிலேதான் பேரலைகள் எழும். அம்மாரியிலோ, டிசெம்பர் முற்பகுதியிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம் சூரியன் உதிப்பதேயில்லை. கோடையில் நள்ளிரவிலும் ஒளியுண்டு, அலைதான் அருமை. ஆகவே, இரவும் பகலும் ஒத்துவரும் செப்டெம்பர் இறுதியே புதியவர்க்கு உகந்ததென்பேன்.

வெந்நீரோட்டம் ஒன்று அக்கரையைத் தழுவிச் செல்வதால் கடல் உறைவதில்லை. எனினும், மாரியில் நீரின் வெப்பம் 5, 6 பாகை செல்சியசு அளவே. 1952 இல் அமெரிக்க பௌதிகவியலார் ஹியூ பிராட்னர் வகுத்த நுரைறப்பர் உடையின் வழிவந்ததே இன்றைய அலையுடை. றப்பரினுள் அடைபட்ட நுண்குமிழிகள் உடற்சூட்டைக் காக்கும். மாரிக்கு 6 மில்லிமீற்றர்த் தடிப்பும், தலைமூடியும், கையுறையும், காலணியும் வேண்டும். பலகையிற் சிக்கனம் பார்க்கலாம், இவற்றிற் பார்த்தலாகாது.

துணையின்றி இறங்குதல் கூடாது. கரையேறும் நேரத்தையும் முன்னரே வரையறுத்தல் நன்று. மாற்றுடையும் சுடுதேநீரும் கரையில் ஆயத்தமாயிருக்கட்டும். மரத்துப்போன விரல்களால் அந்த ஈரவுடையைக் களைவதற்கே நெடுநேரம் செல்லும்.