நேரு பிளேஸ்: நாடி பார்க்கும் மேஜைகள்

தெற்கு தில்லியில் கால்காஜி கோயிலும் தாமரை வடிவ பஹாய் ஆலயமும் அக்கம்பக்கம். வேண்டுதல் உள்ளவர்கள் அங்கே போகிறார்கள். கணினி கைவிட்டவர்கள் சற்றுத் தள்ளியிருக்கும் நேரு பிளேஸுக்கு வருகிறார்கள். 2010இல் வந்த மெட்ரோ ரயில் அவர்களை வாசலிலேயே இறக்கிவிடுகிறது. மடியில் குழந்தையைப் போல சிபியூவை அணைத்துக்கொண்டு வருபவரை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1970களில் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் திட்டப்படி எழுந்த வணிக வளாகம் இது. நடுவில் வாகனம் நுழையாத அகன்ற முற்றம், சுற்றிலும் அடுக்குமாடி கான்கிரீட் கட்டடங்கள். ஒரு பக்கம் மீட்டர் கணக்கில் துணி விற்கிறார்கள். இன்னொரு பக்கம் "லேப்டாப்? பிரிண்டர்?" என்று வழிமறிக்கிறார்கள். காளிதாசனை நினைவூட்டும் மேகதூத் என்ற பெயருள்ள கட்டடமும் உண்டு. திருட்டு மென்பொருளுக்குப் பேர்போன சந்தைகள் என்று அமெரிக்க அரசு வெளியிட்ட பட்டியலிலும் நேரு பிளேஸ் இடம்பெற்றது. ஆனால் இந்த இடத்தின் உண்மையான பெருமை வேறு. பிராஸசரை ஒரு கடையிலும் மதர்போர்டை இன்னொரு கடையிலும் வாங்கி, சொந்தக் கணினியைத் தானே கட்டிக்கொள்ள ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த சந்தை இது.

'அசெம்பிள்டு' என்பது 1990களில் நடுத்தர வர்க்கத்தின் மந்திரச் சொல். பெரிய கம்பெனிக் கணினியின் விலை கட்டுப்படியாகாத மாணவர்களும் டிடிபி நிலையங்களும் ஆடிட்டர் அலுவலகங்களும் உதிரிபாகங்களாக வாங்கினார்கள். பணம் மிச்சமானது. சிக்கல் பிறகுதான் தெரிந்தது. இப்படிக் கட்டிய கணினியில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி பில், தனித்தனி உத்தரவாதம். முழு உடம்புக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை.

கணினி நடுவில் நின்றுபோகத் தொடங்கினால் விஷயம் பஞ்சாயத்துக்குப் போகும். ராம் விற்றவர் மதர்போர்டைக் குறை சொல்வார். மதர்போர்டு விற்றவர் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியைக் காட்டுவார். அதை விற்றவரோ, உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை என்று முடித்துவிடுவார். இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, குற்றவாளியை ஆதாரத்தோடு பிடிப்பது. அந்த வேலைதான் நேரு பிளேஸின் ரிப்பேர் மேஜைகளில் நடக்கிறது.

மேஜையில் பெரிய கருவிகள் கிடையாது. ஸ்குரூ டிரைவர், பிரஷ், மல்டிமீட்டர், வெப்பப் பசைக் குழாய், பள்ளிக்கூட ரப்பர். இவற்றோடு, நன்றாக வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த ஒரு ராம், ஒரு எஸ்.எம்.பி.எஸ். கடைசி இரண்டும்தான் மெக்கானிக்கின் உண்மையான முதலீடு. வீட்டில் கணினி கட்டுபவரிடம் இல்லாதவையும் அவையே.

நல்ல மெக்கானிக் உடனே பெட்டியைத் திறப்பதில்லை. எப்போது விழுகிறது என்று கேட்கிறார். இருபது நிமிடம் ஓடிய பிறகு என்றால் வெப்பத்தின் மீது சந்தேகம். கனமான வேலை கொடுத்த நொடியில் என்றால் மின்வழங்கி அல்லது கிராபிக்ஸ் கார்டு. நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழைச் செய்தியோடு என்றால் ராம். அடுத்த கேள்வி: கடைசியாக எதை மாற்றினீர்கள்? பாதி வழக்குகள் இதிலேயே வெளுத்துவிடும்.

பிறகு ஹார்டு டிஸ்கில் உள்ளதை வேறு இடத்தில் பிரதி எடுப்பது. கல்யாணப் படங்கள், ஆய்வேடு, கடைக் கணக்கு எல்லாம் அதில்தான். டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது ஆபத்து. குற்றவாளியைத் தேடும் அவசரத்தில் உடைமை போய்விடக் கூடாது.

அடுத்து, வேறொரு இயங்குதளத்தை பென் டிரைவிலிருந்து ஓட்டுவது. அங்கேயும் விழுந்தால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் பிறகே திருகுகள் கழல்கின்றன. முதலில் கண்ணுக்கு வேலை. மதர்போர்டில் மின்தேக்கிகள் தலை உப்பியிருக்கின்றனவா? 2000களின் முதல் பாதியில் மட்டமான மின்பகு திரவத்தால் உலகம் முழுக்க ஏராளமான மதர்போர்டுகள் இப்படித்தான் செத்தன. மதர்போர்டுக்கு அடியில் திருகு ஏதாவது உருண்டு கிடக்கிறதா? சிறு திருகு ஒன்று போதும், ஷார்ட் ஆகிவிட.

ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுவது சந்தையின் கைவைத்தியம். தூசியும் படலமும்தான் காரணம் என்றால் பலிக்கும். பலிக்காவிட்டால் மெம்டெஸ்ட். 1994இல் கிறிஸ் பிராடி எழுதிய நிரலின் வாரிசுகள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் விடக் கூடாது. பல ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டாகச் சோதனை. கெட்ட ராம் கணினியை விழவைப்பதோடு நிற்காது. சேமிக்கும் கோப்பில் சத்தமில்லாமல் தப்பை எழுதியும் வைக்கும்.

ராம் தப்பித்தால் மின்வழங்கியின் முறை. 12 வோல்ட் கம்பியில் அளவு 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லா எஸ்.எம்.பி.எஸ்ஸும் யோக்கியம்தான். பாரம் ஏற்றி அளந்தால்தான் சாயம் வெளுக்கும். மலிவான பெட்டியில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு பல சமயம் வெறும் காகிதம். பிராஸசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது இந்த இடத்தில்தான். கிராபிக்ஸ் கார்டு கனமாக உழைக்கும்போது கணினி விழுகிறது, பழி கார்டின் மேல் விழுகிறது. புதுக் கார்டு வாங்கியும் அதே கதி. கார்டுக்குச் சோறு போடாத எஸ்.எம்.பி.எஸ். மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

எதுவும் பிடிபடாவிட்டால் கடைசி வழி, எல்லாவற்றையும் கழற்றி அட்டை மேல் வைப்பது. மதர்போர்டு, பிராஸசர், ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., அவ்வளவுதான். அது நின்றால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், கணினி பிழைத்தாலும் எது காரணம் என்று தெரியாது.

தில்லியின் பருவங்களும் இந்த வழக்குகளில் சாட்சிகள். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது, காய்ந்துபோன வெப்பப் பசையும் தூசி அடைத்த விசிறியும் அம்பலமாகின்றன. புழுதிக் காற்று அடித்து ஓய்ந்தால் விசிறிகளில் தூசி இன்னும் ஒரு படலம். குளிர்காலத்து வறண்ட காற்றில் விரல் நுனியின் நிலைமின்சாரமே ராமுக்கு எமன். சரியான எர்த் இல்லாத வீட்டில் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது. அது கணினியின் கோளாறு அல்ல, சுவரின் கோளாறு.

பிராஸசர் கெட்டுப்போவது அபூர்வம் என்பது இந்தத் தொழிலின் பழைய நம்பிக்கை. 2024 அதையும் அசைத்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேஜைக் கணினி பிராஸசர்கள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் பாய்ந்ததால் நிலைகுலைந்தன. நிறுவனம் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமடைந்தவற்றைத் திருத்தம் காப்பாற்றவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணினிகளில் பல விளையாட்டுகள் கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றே பிழைச் செய்தி காட்டின. திரை கார்டைக் காட்டியது, குற்றவாளி பிராஸசர். நோயும் நோயின் மூலமும் வேறு வேறு என்று மருத்துவனுக்கு வள்ளுவர் சொன்னது மெக்கானிக்குக்கும் பொருந்தும்.

இந்தக் கலைக்கு இடம் சுருங்கிவருகிறது. உதிரிபாகங்களை ஆன்லைனில் வாங்குகிறார்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கழற்றி, மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு சில்லு கெட்டாலும் முழு போர்டும் போக வேண்டியதுதான். மெக்கானிக் நாடி பார்க்கலாம், ஆனால் கட்டணச் சீட்டை எழுதுவது கம்பெனி.

சொந்தமாகக் கட்டிய கணினியில் மட்டும் பழைய நியாயம் இன்னும் செல்லுபடியாகிறது. பாரம் ஏற்றியதும் 11 வோல்டுக்குக் கீழே சரிவதை மல்டிமீட்டரில் காட்டிய பிறகு, உங்கள் வீட்டு மின்சாரம் என்று எந்தக் கடைக்காரரும் பேச முடியாது. பில்லை நீட்டினால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றித் தருவதைத் தவிர அவருக்கு வழியில்லை.