கழுகுகளைக் காணச் சென்றோம்

பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றபோது, வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினோம். மலையில் 500-க்கும் மேற்பட்ட படிகள்! எங்கள் முகம் வாடியது. சிஸ்டரோ எங்களை முந்திக்கொண்டு ஏறினார்.

"நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் உண்ணும், பார்த்து வந்து சொல்லுங்கள்" என்று தோழி ஒருத்தியின் பாட்டி சொல்லியனுப்பியிருந்தார். சிறுமியாக இருந்தபோது அவர் கண்ட காட்சியாம் அது.

உச்சியிலிருந்து தாழக்கோயில் கோபுரங்களையும் சங்கு தீர்த்தத்தையும் கண்டு மகிழ்ந்தோம். மணி பன்னிரண்டு ஆயிற்று. காகங்கள்தாம் வந்தன. அந்தப் பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள் என்றும், 1990-களோடு அவற்றின் வருகை நின்றுவிட்டது என்றும் சிஸ்டர் கூறினார். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே நாடெங்கும் பாறுகளைக் கொன்றதாம். 2006-இல்தான் அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது.

இறங்கும் வழியில், பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில், 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கியிருந்தனர். எங்களில் ஒருத்தியும் காம்பஸை எடுத்தாள். சிஸ்டர் பார்த்த பார்வையில் அது பெட்டிக்குள் போயிற்று.

பாட்டியிடம் என்ன சொல்வது? கடல் கண்ணில் படும் வரை தோழி பேசவேயில்லை.