இஸ்திரி மடிப்பும் லயத்துப் புள்ளைங்களும்

துணி தேய்க்கிறது சின்ன விஷயம்தான். ஆனா வீட்டுக்கு வீடு சண்டை வர்ற விஷயம். லண்டன்ல எனக்குத் தெரிஞ்ச நம்ம குடும்பங்களை இதுல நாலு கட்சியாப் பிரிக்கலாம்.

முதல் கட்சி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவியில ஒரு படத்தைப் போட்டுக்கிட்டு, வாரத்துக்கான மொத்தச் சட்டையையும் தேய்ச்சு வரிசையா மாட்டி வைக்கிறவங்க. ரெண்டாவது, ரயிலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அயர்ன் பாக்ஸைத் தேடுறவங்க. மூணாவது, கோட்டுக்கு வெளிய தெரியிற காலரையும் நெஞ்சுப் பகுதியையும் மட்டும் தேய்க்கிற சிக்கன சிகாமணிகள். (ஆபீஸ்ல ஹீட்டர் ஜாஸ்தியாகி கோட்டைக் கழட்ட வேண்டி வந்தா கதை கந்தல்!) நாலாவது, குளிக்கும்போது சட்டையை பாத்ரூம்ல தொங்கவிட்டு, 'ஆவி பட்டுச்சு, போதும்'னு மாட்டிக்கிட்டுக் கிளம்புறவங்க.

எங்க வீட்ல நான் முதல் கட்சி. தங்கமணி மூணாவது. பையன் எந்தக் கட்சியும் இல்லை. துவைச்ச கூடையில இருந்து எடுத்து அப்படியே மாட்டிக்குவான். கேட்டா, "யாருப்பா பாக்கப் போறாங்க?"ம்பான்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

நான் பொறந்து வளர்ந்தது சூரியநெல்லி. மூணாறுல இருந்து போடி போற வழியில, சின்னக்கானல் பக்கம் உள்ள பிரிஞ்சு போகணும். இப்ப கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுற இடம்னு சொன்னா டூர் போனவங்களுக்குத் தெரியும். எனக்கு அது எஸ்டேட் லயம். அப்பா அம்மா ரெண்டு பேரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க. எங்க ஊர்ப் பேச்சுல தமிழும் மலையாளமும் கலந்தே வரும். 'தேய்ப்புப் பெட்டி'ன்னுதான் சொல்வோம், மலையாளத்துல 'தேப்புப் பெட்டி'. (இப்போ மலையாளப் பசங்க கிட்ட 'தேப்பு'ன்னு சொல்லிடாதீங்க. காதல்ல கழட்டி விடுறதுக்கு அதுதான் பேரு.)

ஜூன்ல ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும் அங்க மழையும் மூடுபனியும்தான். வெயில் கண்ணுல படாது. துவைச்ச யூனிஃபார்ம் மூணு நாளானாலும் ஈரமாவே இருக்கும். இங்க குளிர்காலத்துல ரேடியேட்டர் மேல துணியைப் பரப்பி வைக்கிற அதே பாடுதான். எங்களுக்கு ரேடியேட்டர் இல்லை, அடுப்புக்கு மேல கட்டின கயிறு. அதனால எங்க வீட்ல தேய்க்கிறதுங்கறது ஸ்டைல் இல்லை, துணியைக் காய வைக்கிற கடைசி வழி.

கவ்வாத்து வெட்டின தேயிலைக் கட்டைதான் எங்க விறகு. அம்மா அந்தக் கங்கை பித்தளைச் சொம்புல அள்ளிப் போட்டு, சொம்போட கழுத்தைத் துணியால பிடிச்சு, சட்டை மேல வெச்சு அழுத்தி இழுப்பாங்க. ஆவி குப்புனு கிளம்பும். ஈரம் இருந்தாத்தான் சுருக்கம் போகும்கிறது பின்னாடி படிச்சுத் தெரிஞ்சது. பருத்தி நூல்ல இருக்கற இழைகளோட பிடிப்பைத் தண்ணி தளர்த்தும். அழுத்தி வெச்சு சூட்டுல காய வெச்சா, தட்டையான நிலையிலயே மறுபடி பிடிச்சுக்கும். அவ்வளவுதான் சங்கதி. காலையில பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு புள்ளைங்க சட்டையையும் அம்மா முடிச்சாகணும். டவுசரும் பாவாடையும் ராத்திரியே பாய்க்கு அடியில போயிடும். நாங்க படுத்துத் தூங்கிறதே அதுக்கு இஸ்திரி.

எஸ்டேட்ல இஸ்திரி மடிப்பு ஒரு பதவி. ரைட்டருக்கும் கண்டக்டருக்கும் டோபி கரிப்பெட்டி போட்டுக் கொடுப்பார். யாரு பேர் எழுதுற ஆளு, யாரு பேர் கொடுக்கிற ஆளுன்னு பெரட்டுக் களத்துல தூரத்துல இருந்து சட்டையைப் பாத்தே சொல்லிடலாம். அத்தனை பேருக்கும் அந்த மடிப்பைப் போட்டுக் கொடுத்த டோபியோட சட்டை மட்டும் கசங்கித்தான் இருக்கும். அவரைவிட வயசுல சின்ன ஸ்டாஃப் கூட அவரை வாடா போடான்னுதான் கூப்பிடுவாங்க. துணியில இருக்கற அழுக்கையும் சுருக்கத்தையும் எடுக்கிற சாதியை நம்ம சமூகம் எங்க நிறுத்தி வெச்சுதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்கூல்ல ஒரு வாத்தியார் இருந்தார். சட்டையில புகை வாசம் அடிச்சா, "லயத்துப் புள்ளைங்கன்னா இப்படித்தான்"னு கிளாஸ் முன்னாடியே சொல்லுவார். ஒரு நாள் என் அக்கா அழுதுக்கிட்டே வந்தா. அடுத்த சம்பளத்துக்கு அப்பா போடிக்கு இறங்கிப் போய், பழைய இரும்புக் கரிப்பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தார். அதுக்காக அந்த மாசம் வீட்ல கறி எடுக்கலை. "படிப்பு உள்ள இருக்கு, எவனுக்கும் தெரியாது. சட்டைதான் மொதல்ல தெரியுது"ன்னார்.

அப்பா சொன்னது எவ்வளவு சரின்னு பேங்க்ல சேர்ந்தப்புறம் புரிஞ்சுது. போடி சி.பி.ஏ. காலேஜ்ல பி.காம். முடிச்சு, பரீட்சை எழுதி, தேனிப் பக்கம் ஒரு கிளையில முதல் வேலை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை உள்ள வந்தா, "வாங்க சார், உக்காருங்க." கசங்கின சட்டையில ஒரு பெரியவர் வந்தா, "அங்க ஓரமா நில்லுப்பா." அந்தப் பெரியவர் கணக்குல இருந்த டெபாசிட், வெள்ளைச் சட்டைக்காரர் கடன்ல பாதியை அடைச்சிருக்கும். கடன் மனுவுல வருமானம், சொத்து, ஜாமீன்னு எல்லாத்துக்கும் கட்டம் உண்டு. சட்டைக்குன்னு ஒரு கட்டம் கிடையாது. ஆனா அதைத்தான் முதல்ல பாக்கிறாங்க.

இந்த இடத்துல ஒரு செய்தி. 2024 மே மாசம், நம்ம நாட்டு அறிவியல் ஆய்வுக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர். பேர்ல ஒரு பிரச்சாரம் வந்துது, ஞாபகம் இருக்கா? திங்கக்கிழமை தேய்க்காத துணி போட்டுக்கிட்டு வாங்க, 'சுருக்கம் நல்லதுதான்'னு. ஐ.ஐ.டி. பம்பாய்ப் பேராசிரியர் சேத்தன் சிங் சோலங்கியோட யோசனை. ஒரு செட் துணி தேய்க்கிறதால 100-ல இருந்து 200 கிராம் வரைக்கும் கரியமில வாயு வெளியாகுதுன்னு கணக்கு சொன்னாங்க. காமர்ஸ்காரன் சும்மா இருப்பானா? 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு 1 யூனிட். ஒரு செட்டுக்கு 10 நிமிஷம்னா ஆறுல ஒரு பங்கு. பெரும்பாலும் நிலக்கரியில ஓடுற நம்ம ஊர் கரண்ட்டுக்கு 1 யூனிட்டுக்கு முக்கால் கிலோ வெச்சா, 125 கிராம். கணக்கு சரியாத்தான் வருது.

கணக்கு சரி, ஆனா ஒரு இடம் இடிக்குது. விஞ்ஞானி கசங்கின சட்டையில வந்தா 'எளிமை'ம்பாங்க. அதே ஆபீஸ் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அப்படி வந்தா? மெமோதான். சுருக்கத்தோட நடக்கிறதுக்கும் ஒரு அந்தஸ்து வேண்டியிருக்கு. அது இல்லாதவங்க 125 கிராம் கரியமில வாயுவைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. எங்க அம்மாவால முடியலை.

அதுக்காக அந்த யோசனையைத் தூக்கிப் போட வேண்டாம். அப்போ சி.எஸ்.ஐ.ஆர். தலைமையில இருந்தவங்க கலைச்செல்வி. அம்பாசமுத்திரத்துல பொறந்து, தமிழ் மீடியத்துல படிச்சு, 2022-ல அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். மேல இருக்கறவங்க முதல்ல சுருக்கத்தோட வந்தாத்தான் கீழ இருக்கறவங்களை யாரும் முறைக்க மாட்டாங்க. ஆரம்பிக்க வேண்டியது அந்தப் பக்கத்துல இருந்துதான்.

இதையே தொழிலா வெச்சிருக்கிறவங்க கதையும் இருக்கு. திருவண்ணாமலைப் பொண்ணு வினிஷா உமாசங்கர், தெருவுல இஸ்திரி போடுறவர் கரியைக் கொட்டுறதைப் பாத்து, சூரிய சக்தியில ஓடுற இஸ்திரி வண்டியை வடிவமைச்சா. 2020-ல ஸ்வீடன்ல குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு, 2021-ல கிளாஸ்கோ மாநாட்டு மேடை. எங்க ஊர் ஜூன் மாச மழைக்கு அந்த வண்டி வேலைக்காகாது :-) திருவண்ணாமலை வெயிலுக்குப் பொன்னு. தேய்க்காதேன்னு சொல்றதைவிட, தேய்க்கிறவர் நுரையீரலைக் காப்பாத்துற இந்த வழி எனக்குப் பிடிச்சிருக்கு.

பையன்கிட்ட போன வாரம் சொன்னேன். "உன்னை யாரும் பாக்கலைன்னா சந்தோஷம்டா. உன் அத்தையைப் பாத்தாங்க. அதனாலதான் உன் தாத்தா பெட்டி வாங்கினார். நீ தேய்ச்சுப் போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி. தேய்க்கணும்னா நீயே தேய்ச்சுக்கோ, அம்மாகிட்ட நீட்டாதே. நாளைக்கு நீ ஒரு மேஜைக்குப் பின்னாடி உக்காந்தா, முன்னாடி நிக்கிறவங்க சட்டையைப் பாக்காதே." தலையை ஆட்டினான். காதுல ஏறுச்சான்னு போகப் போகத் தெரியும்.

வேலையில இருந்து ஓய்வானா லயத்து வீட்டைக் காலி பண்ணியாகணும். அம்மா இப்போ போடியில இருக்காங்க. வாரம் ஒரு தடவை ரெண்டு சேலையை இஸ்திரி வண்டிக்குக் கொடுக்கிறாங்க. அந்தத் தம்பி திருப்பிக் கொண்டு வரும்போது, "வாங்க தம்பி, உக்காருங்க"ன்னு நாற்காலியைப் போட்டு, நாங்க குடிக்கிற அதே டம்ளர்ல காப்பி கொடுத்துட்டுத்தான் காசை எடுப்பாங்க.

சரி, உங்க வீட்ல எந்தக் கட்சி? தேய்க்கிறது யாரு?