விரல் மேல் போட்ட பழி

வில்லின் குற்றத்தை ஒரு பெண்பிள்ளையின் விரல் மேல் போட்டவன் நான். தெரியாமல் செய்யவில்லை.

மும்பை செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அம்பு விடச் சொல்லித்தருவேன். முறையாகத் தேறிய பயிற்சியாளன் இல்லை. என்னிடம் இருந்தது 52 அங்குல வேட்டை வில். அமெரிக்க வேட்டைக்காரர் ஃபிரெட் பேரின் நிறுவனம் செய்த 'கோடியாக் மேக்னம்' அதே நீளம் என்று படித்து மயங்கி வாங்கியது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் எனக்கு ஏது வேட்டை? குட்டையாக இருந்தால் ஹார்பர் லைன் ரயில் நெரிசலில் யார் மேலும் இடிக்காமல் கொண்டுபோகலாம், வீட்டில் கதவுக்குப் பின்னால் சாத்திவைக்கலாம். உண்மையான காரணம் அவ்வளவுதான். வெளியில் கேட்டால் "இது வேட்டைக்காரன் வில்" என்பேன்.

வேட்டைக்காரனுக்குக் குட்டை வில் ஏன் என்பதும் எனக்குத் தெரியும். புதருக்குள் குனிந்து போக வேண்டும், மரத்தின் மேல் உட்கார்ந்தபடி திரும்ப வேண்டும். நீள வில் கிளையில் மாட்டும். அவன் கிட்டத்தில் போய் எய்கிறவன். ஒரு அம்பு, மிஞ்சிப்போனால் இரண்டு. குட்டை வில்லை முழுக்க இழுத்தால் நாண் விரல்களுக்கு மேலேயும் கீழேயும் கூர்மையாக மடங்கும், மூன்று விரல்களையும் சேர்த்து நெரிக்கும். ஒரு அம்புக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 70 மீட்டருக்கு 72 அம்பு விட வேண்டும். அங்கே வருகிறவர்கள் 66, 68, 70 அங்குல வில்லோடு நிற்பது அழகுக்காக இல்லை. நீளம் கூடக்கூட நாண் மடங்கும் கோணம் விரியும், விரல் பிழைக்கும், கை சற்றுப் பிசகினாலும் வில் மன்னிக்கும்.

தாராவியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். அப்பா தோல் பட்டறையில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வயதுக்கு மீறிய உயரம். முதல் நாளே இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி நுனியிலிருந்து நுனி அளந்தேன். 70 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் இழுப்பு நீளம் ஏறக்குறைய வந்துவிடும்: 28. நோட்டில் எழுதியும் வைத்தேன். 28 அங்குலம் இழுக்கிற கைக்கு 68 அங்குல வில்தான் பொருத்தம். எழுதிய கையாலேயே 52-ஐ எடுத்துக் கொடுத்தேன்.

"விரலு நசுங்குது சார்" என்றாள். பிடி சரியில்லை என்றேன். கடைசி இரண்டு அங்குலம் இழுக்கும்போது கை நடுங்கியது. குட்டை வில்லில் அந்த இடத்தில்தான் இழுக்க வேண்டிய கனம் திடுதிப்பென்று ஏறும். அதையும் தோளில் பலமில்லை என்று சொல்லிவிட்டேன். மோதிர விரல் தோல் உரிந்தபோது, அவள் அப்பா பட்டறையில் விழும் துண்டுத் தோலில் கனமாக ஒரு விரலுறை தைத்துக்கொண்டு வரச் சொன்னேன். அவரும் அழகாகத் தைத்துக் கொடுத்தனுப்பினார். தோல் கனமாக இருந்ததால் நாண் எங்கே இருக்கிறது என்றே அவள் விரலுக்குத் தெரியவில்லை. அம்பு கண்டபடி போனது. அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

லிம்பா ராம் கதையை வேறு சொன்னேன். ராஜஸ்தான் காட்டுப்புறத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்த பையன் 1988, 1992, 1996 மூன்று ஒலிம்பிக்குக்கும் போனான், உனக்கு இந்த வில் போதாதா என்று. அவர் அங்கெல்லாம் மூங்கில் வில்லோடு போய் நிற்கவில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

பணமில்லை என்று சாக்குச் சொல்லலாம், பாதி உண்மைதான். ஆனால் கூட அம்பு விடும் நண்பர் ஒருவரிடம் கழற்றி மாட்டுகிற 68 அங்குல வில் ஒன்று சும்மா கிடந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்டால், அத்தனை நாள் நான் பீற்றிக்கொண்ட வேட்டைக்காரன் வில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்த ஒரு கூச்சத்துக்காக அவள் விரலைக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிந்து அவள் வரவில்லை. ஆள் விட்டு விசாரிக்கவும் இல்லை, உள்ளுக்குள் நிம்மதிதான். பிறகு மாட்டுங்கா மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன்.

"அவளுக்குக் கை வரலியே அண்ணாச்சி, நீங்களும் எவ்வளவோ பாத்தீங்க" என்றார், ஏதோ அவர்தான் தப்புச் செய்ததுபோல.

"சில பேருக்கு வராதும்மா" என்றேன். நோட்டில் 28 என்று எழுதியிருந்தது எனக்கு அப்போதும் நன்றாக ஞாபகம் இருந்தது.