அம்பின் இறகு

தொண்டை நாட்டின் தலைநகராக விளங்கிய காஞ்சியையும் படைக்கலங்களையும் சேர்த்து நினைக்கும்போது ஒளவையாரின் தூது நினைவிற்கு வாராமற் போகாது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அவரைத் தொண்டைமானிடம் தூது விடுத்தான். போர் மூளுமோ என்ற நிலை. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கே கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலோடு இருந்தன. அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்றார் ஒளவையார். புகழ்வது போலப் பழிக்கும் இம்மொழி புறநானூற்றின் 95ஆம் பாட்டில் உள்ளது.

வேல் உழைத்தால் நுனி சிதையும். அம்பு உழைத்தாலோ, நுனியோடு வாலில் உள்ள இறகும் சிதையும். தொண்டைமானின் கருவிகளிற் கட்டிய பீலி அழகுக்கே. அம்பின் இறகு அத்தகையதன்று. நாணினின்று விடுபட்ட அம்பின் வால் ஒருபுறம் ஒதுங்குமாயின், எதிர்க்காற்று இறகின் மேல் மோதி அதனை நேர்ப்படுத்தும். இறகு கிழிந்தாற் குறி தவறும். காமாட்சியம்மையின் திருக்கையில் உள்ள மலர்க்கணைகளுக்கு இக்கவலை இல்லை போலும்!

இன்றைய ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் நிற்கும். பத்துப் புள்ளி தரும் நடுவட்டமோ 12.2 சென்டிமீட்டர் குறுக்களவே உடையது. மூங்கிற்கோலுக்கு மாற்றாகக் கரியிழைத் தண்டும், பறவை இறகுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் இறகும் வந்துவிட்டன. ஆயினும் பழுது பார்ப்பவனின் கவலை ஒன்றே: இறகு போகலாம், தண்டு போகலாகாது.

ஆதலால் அவன் கூரிய கத்தியை நாடுவதில்லை. மழுங்கிய அலகினைத் தண்டின்மேல் ஏறக்குறையப் படுக்கவைத்து, நீளவாக்கில் மெல்லத் தள்ளி இறகைப் பெயர்க்கிறான். இறகின் முனையில் நூற்கட்டு இருப்பின் அதனை முன்னரே அவிழ்த்துவிடுவான். பழைய தோற்பசையாயின் வெதுவெதுப்பான ஈரத்துணியை ஒற்றினால் இளகும். ஆனால் மூங்கிலை ஊறவிடலாகாது. கரியிழைத் தண்டை நெருப்பிற் காட்டவே கூடாது. மூங்கிற்கோல் வளைந்திருந்தால் மட்டும் இளஞ்சூட்டில் வாட்டி நிமிர்த்தலாம். அவசரப்பட்டு அலகை அழுத்துவோனுக்குக் கேடு இரண்டு. கோலின் நார் கிளம்பும். கரியிழையாயின், கீறிய இழை பின்னர் விரிசலாகும். விரிசல் கண்ட தண்டு நாணை விட்ட நொடியிலேயே முறிந்து வில்லேந்திய கையைத் துளைக்கவும் கூடும். எனவே இறகு நீங்கிய தண்டை முகத்திற்கு எட்டப் பிடித்துச் சிறிதளவு வளைத்து, நெறுநெறுப்பு ஓசை எழுகிறதா என்று செவிகொடுத்துக் கேட்பர். எழுந்தால் அந்த அம்பை ஒதுக்கிவிடுவர். அதற்குப் புது இறகு வீண்.

தேறிய தண்டில் எஞ்சிய பசையைச் சுரண்டி, சாராயம் தோய்ந்த துணியால் துடைக்கவேண்டும். துடைத்த இடத்தை விரலால் தொடுதல் ஆகாது. கையின் எண்ணெய்ப் பசை சிறிது பட்டாலும் புதிய இறகு பற்றாது. நாண் பொருந்தும் பிளவுக்குக் குறுக்காக ஓர் இறகும், சம இடைவெளியில் மற்ற இரண்டும் ஒட்டப்பெறும். மூன்றும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையாய் இருத்தல் வேண்டும். இடமும் வலமும் கலந்தால் ஒன்றன் வளைவு மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும். பிறகு பசை உலரும்வரை அம்பு நிழலிற் கிடக்கும்.