கம்பிக்குக் கொடுத்த வாக்கு

மின்சுற்று ஒன்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது அதைத் தானே உணர்ந்து இணைப்பைத் துண்டித்துவிடும் சிறு கருவியை வயர்மேன்கள் எம்.சி.பி. என்றும், வீட்டார் பிரேக்கர் அல்லது ட்ரிப்பர் என்றும் வழங்குகின்றனர். தமிழ்நாட்டு வீடுகளில் முன்பு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக நின்ற இடத்தை இக்கருவி மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொண்டது. ஆயினும் கருவி பரவிய அளவுக்கு அதன் பணியைப் பற்றிய தெளிவு பரவவில்லை. ஏசியையும் ஃபிரிட்ஜையும் காப்பதற்காகவே பிரேக்கர் வைக்கப்படுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலில் காப்பது சுவருக்குள் குழாய் பதித்து, சிமெண்ட் பூசி மறைக்கப்பட்ட கம்பியையே ஆகும். வெளியே தெரியும் பொருளில் பழுது ஏற்பட்டால் புகையோ மணமோ காட்டிக்கொடுக்கும்; மறைந்திருக்கும் கம்பி சூடேறினால் அதை அறிந்து சொல்ல அந்தப் பிரேக்கரைத் தவிர வேறொருவரும் இல்லை.

இதன் முன்னோடியான ஃபியூஸின் தத்துவம் எளிமையானது. சுற்றிலுள்ள கம்பிகளுள் மிக மெலிந்த ஒன்றை வேண்டுமென்றே ஓரிடத்தில் வைத்து, மிகை மின்னோட்டம் வரும்போது அது உருகி அறுந்து மற்றவற்றைக் காப்பாற்றும்படி செய்வதே அதன் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் குறை கருவியில் இருந்ததைவிட அதைக் கையாண்ட கையில்தான் மிகுதியாக இருந்தது. ஃபியூஸ் போன இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கட்டையைப் பிடுங்கி, உரிய அளவுள்ள ஃபியூஸ் கம்பி கைவசம் இல்லாததால் பழைய ஒயர்த் துண்டு ஒன்றின் செம்பிழைகளைப் பிரித்தெடுத்து, ஓர் இழை அறுந்தால் இரண்டு, இரண்டும் அறுந்தால் நான்கு என முறுக்கிக் கட்டும் வழக்கம் ஊர்தோறும் இருந்தது. விளக்கு எரிந்தது, எனினும் எத்தனை ஆம்பியருக்கு அது அறும் என்பது கட்டியவருக்கும் தெரியாத ஒன்றாகவே இருந்தது. இனி அறாது என்ற நிம்மதியே ஆபத்தின் தொடக்கமாக அமைந்தது.

இந்தக் குறைக்கு விடையாக, வெப்பத்தால் இயங்கும் உறுப்பையும் காந்தத்தால் இயங்கும் உறுப்பையும் ஒரே சிறு கூட்டுக்குள் இணைத்த பிரேக்கருக்கு 1924-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெறப்பட்டது. மன்ஹைம் நகரத்துப் பொறியாளர் ஹூகோ ஸ்டோட்ஸ் அதன் கண்டுபிடிப்பாளராகக் குறிக்கப்படுகிறார். இன்றைய எம்.சி.பி.யின் உள்ளமைப்பும் அடிப்படையில் அதுவே. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை, தாங்கும் அளவுக்குச் சற்று மேலான மின்னோட்டம் நெடுநேரம் பாய்ந்தால் சூடேறி வளைந்து கொக்கியை விடுவிக்கிறது. ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேராகத் தொட்டுக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட்டிலோ, வெப்பத்திற்காகக் காத்திராமல், கம்பிச்சுருள் ஒன்று காந்தமாகி அதே கொக்கியை நொடியின் நூறில் ஒரு பங்கு அளவிலான நேரத்திற்குள் தட்டிவிடுகிறது. பிரியும் முனைகளுக்கிடையே எழும் தீப்பொறியை வரிசையாக அடுக்கிய உலோகத் தகடுகள் துண்டு துண்டாக்கி அணைக்கின்றன. நீடித்த சுமைக்குப் பொறுமையும் திடீர் விபத்துக்கு விரைவுமாக, இருவேறு ஆபத்துகளுக்கு இருவேறு பதில்களை அந்தச் சிறு கூடு தன்னுள் வைத்திருக்கிறது.

அதன் முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும் சி 16 போன்ற குறியில் எழுத்தும் எண்ணும் தனித்தனிச் செய்திகளைத் தருகின்றன. எழுத்து, காந்த உறுப்பு எப்போது தட்டிவிடும் என்பதைச் சொல்வது: பி வகை தன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும் உடனே துண்டிக்கும். கிரைண்டர், தண்ணீர் மோட்டார், ஏசி கம்ப்ரெசர் ஆகியவை ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பவை என்பதால், அத்தகைய சுமைகளுக்குச் சி வகை பொருந்துகிறது. எண்ணோ, கம்பி எவ்வளவு தாங்கும் என்பதோடு கட்டுண்டது. அதை ஒரு கண்டிப்பான எல்லைக்கோடாகக் கொள்ளுதலும் பிழை. தர விதியின்படி ஒரு பிரேக்கர் தன் அளவைப் போல் 1.13 மடங்கை ஒரு மணி நேரம் வரை துண்டிக்காமல் விடவேண்டும், 1.45 மடங்கை ஒரு மணி நேரத்திற்குள் துண்டித்தாக வேண்டும். அதாவது 16 ஆம்பியர் பிரேக்கர் ஏறத்தாழ 18 ஆம்பியரைத் தடுக்காது. 23 ஆம்பியரை ஒரு மணி நேரத்திற்கு மேல் அனுமதிக்காது.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பெரிய எண்ணுள்ளதை மாற்றிப் பொருத்தும் வழக்கத்தின் கொடுமை இந்தக் கணக்கில்தான் புலப்படும். விளக்குக்கும் மின்விசிறிக்கும் இழுக்கப்பட்ட, வயர்மேன்கள் ஒன்றரை ஸ்கொயர் என்று குறிப்பிடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, குழாய்க்குள் ஓடும்போது ஏறத்தாழ 16 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதற்கு 6 அல்லது 10 ஆம்பியர் பிரேக்கரே உரியது. அந்த இடத்தில் 32 ஆம்பியர் பிரேக்கர் அமர்ந்துவிட்டால், 36 ஆம்பியர் பாயும்போதுகூட அது அமைதியாக இருக்கும். மின்னோட்டத்தின் இருமடியை ஒட்டி வெப்பம் பெருகுவதால், கம்பி தாங்கும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்கு வெப்பம் சுவருக்குள் பிறக்கும். 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்பட்ட பி.வி.சி. உறை இளகிக் கருகும். அப்போதும் பலகையில் எந்த மாற்றமும் தெரியாது. நான்கு இழை முறுக்கிக் கட்டிய அந்தப் பழைய கையே இங்கு மீண்டும் வேலை செய்கிறது. இம்முறை அது கடையில் வாங்கிய, முத்திரையிட்ட, நேர்த்தியான ஒரு பொருளைக் கொண்டு அதே பிழையைச் செய்கிறது.

ஆகவே பிரேக்கர் விழுவதைத் தொல்லையாகக் கொள்ளாமல் செய்தியாகக் கேட்பதே முறை. ஒரே பிளக்கில் இண்டக்‌ஷன் அடுப்பும் கீசரும் சேர்ந்திருக்கலாம். முனையில் திருகு தளர்ந்து, அங்கே பிறக்கும் சூடே பட்டையை வளைத்திருக்கலாம். சித்திரை வெயில் நேராக விழும் தாழ்வாரத்து இரும்புப் பெட்டிக்குள், 30 டிகிரியை அடிப்படையாகக் கொண்டு அளவிடப்பட்ட பிரேக்கர் 50 டிகிரிக் காற்றில் தவித்துத் தன் எண்ணுக்கு முன்பாகவே விழுந்திருக்கலாம். பல்லாண்டு உழைத்து அது உண்மையாகவே தளர்ந்தும் இருக்கலாம். இவற்றுள் கடைசிக் காரணத்திற்கு மட்டுமே புதிய பிரேக்கர் மருந்தாகும், அதுவும் அதே எண்ணுள்ளதாக இருக்கும்போது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி, விளக்கு, விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் தேவையில்லை என்று விலக்களித்தபோதும், அந்த மாற்றம் மின்னமைப்பின் திறனையும் தன்மையையும் எவ்விதத்திலும் மாற்றாததாக இருக்கவேண்டும் என்ற வரம்பை உடன் வைத்தது. 10-ஐ எடுத்துவிட்டு 32-ஐப் பொருத்துவது, ஒரு திருகாணி வேலையாகத் தோன்றினும், அந்த வரம்பைத் தாண்டுவதே ஆகும்.

மாற்றும் வேலையிலும் மறைந்திருப்பதே ஆபத்தானது. மெயினை அணைத்த பின்னும், மீட்டரிலிருந்து மெயினுக்கு வந்துசேரும் மேல்முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயின் அணைந்த மறுகணமே மின்வெட்டு என்று கருதி அது தன் மின்சாரத்தைக் கொடுக்கத் தொடங்குவதால், இறந்துவிட்டதாக எண்ணப்படும் கம்பி உயிரோடிருக்கும். இன்வெர்ட்டரையும் தனியே நிறுத்தவேண்டும் என்பதை அனுபவம் வாய்ந்த வயர்மேன்கள் முதல் பாடமாகவே சொல்லிக்கொடுக்கின்றனர். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யவேண்டிய முனையில் வைத்து, மீண்டும் முதலிடத்தில் சரிபார்ப்பது, கருவியே பழுதாகி ஏமாற்றும் நிலையை விலக்குகிறது. கம்பியின் உறை திருகுக்கு அடியில் சிக்காமலும், இழை ஒன்றுகூட நறுக்கப்படாமலும், முனை முழுதும் உள்ளே சென்று இறுகுமாறும் பொருத்தி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, சில நாள் கழித்து மீண்டும் திருகைச் சரிபார்ப்பவரின் வேலை, வேகமாக முடிப்பவரின் வேலையிலிருந்து உடனே வேறுபட்டுத் தெரியாது. ஆண்டுகள் கழித்துக் கருகிய முனை ஒன்று அந்த வேறுபாட்டைக் காட்டும்.

கம்பியைக் காக்கும் பிரேக்கர் மனிதரைக் காக்காது என்பதும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. மின்னதிர்ச்சியின் விளைவுகளை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், பிடித்த கம்பியை விடமுடியாதபடி தசைகள் இறுகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லியாம்பியர் என்று கண்டறிந்தார். மில்லியாம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓர் உயிரைப் பறிக்கப் போதுமான மின்னோட்டம் 6 ஆம்பியர் பிரேக்கரின் கண்ணுக்கே படாது. அதற்கென அமைந்த ஆர்.சி.சி.பி., ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று இடையறாது ஒப்பிட்டு, உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ 30 மில்லியாம்பியர் கசிந்தாலும் இணைப்பைத் துண்டிக்கிறது. கணக்கு நேராக வரவேண்டுமாயின், அதன் வழியே சென்ற சுற்றுகளின் நியூட்ரல் அதன் வழியாகவே திரும்பவேண்டும். பழைய வீடுகளில் இன்வெர்ட்டர் நியூட்ரலும் பொது நியூட்ரலும் ஒன்றாகக் கலந்திருப்பதால் அது காரணமின்றி விழுவதுபோலத் தோன்ற, கலப்பைப் பிரிக்கும் பொறுமையின்றி அதையே விலக்கி நேரிணைப்புக் கொடுத்துவிடும் வழக்கமும் காணப்படுகிறது. அதன் முகப்பிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அழுத்தியும் விழாத ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது, இல்லாததைவிடத் தீங்கானது.

செம்புக் கம்பி சுவருக்குள் 30, 40 ஆண்டுகள் கிடக்கும். அதை இழுத்தவரின் நினைவோ அவரோடு போய்விடும். வீடு கைமாறி, சமையலறை இடம் மாறி, என்றோ ஓர் இரவில் முன்பின் அறியாத ஒருவர் டார்ச் விளக்குடன் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, அவர் கண்ணுக்குத் தெரிவது பிரேக்கரின் எண் மட்டுமே, அது சரியானதா என்று கேட்டால் சுவரால் பேசமுடியாது. பெட்டிக் கதவின் உட்புறத்தில், ஹால், கிச்சன், மோட்டார் என்ற பெயர்களுக்கு எதிரே ஒன்றரை, இரண்டரை, நாலு என்று கம்பியின் அளவையும், அதற்குரிய ஆம்பியரையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்கும் வயர்மேன், சுவருக்குள் தாம் மறைத்த கம்பிக்குக் கொடுத்த வாக்கை, தமக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறவரின் கையில் ஒப்படைத்துச் செல்கிறார்.